கேட்டால் குறையும் கட்டணம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசாதவர் நம்மில் எவரும் இலர். கூறு இருபது ரூபாய் என்றால் பதினைந்துக்குக் கேட்போம். கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலையும் எடுத்துக்கொள்வோம். ஆனால் அதே நாம், ஒரு கம்பெனி அச்சடித்துக் கொடுத்த கட்டணத்தைக் கண்டால் வாயடைத்துப் போகிறோம். ரேஷன் கடைச் சர்க்கரைக்கும் அரசுப் பேருந்துச் சீட்டுக்கும் பேரம் கிடையாது என்பது சரிதான். வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு அந்த வகையைச் சேர்ந்தது அன்று என்பதைச் சக மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் ரமணாசிரமம் பகுதியில் வசிப்பவன். செங்கம் சாலையின் இருபுறமும் உள்ள தெருக்களில் வெளிநாட்டவர் வீடு எடுத்துத் தங்குவது நெடுநாள் வழக்கம். முன்பெல்லாம் வாடகை வீட்டுக்குக் கிணறு உண்டா, மோட்டார் உண்டா என்று கேட்பார்கள். இப்போது முதல் கேள்வியே வைஃபை உண்டா என்பதுதான். வெள்ளைக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த இது, இன்று ஆட்டோ ஓட்டுநர் வீட்டுக்கும் வந்துவிட்டது. கொரோனாக் காலத்தில் வகுப்புகள் கைபேசிக்குள் போயின. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி வீதம், அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் உள்ளிட்டவற்றின் மாணவர் 9 இலட்சத்து 69 ஆயிரம் பேருக்குத் தமிழக அரசு இலவச டேட்டா அட்டை வழங்கியது. நமக்கு முன் படித்தவர்கள் அதனால் பயனடைந்தார்கள். அதன் பின்னர் அவரவர் பாடு அவரவர்க்கு. என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், நான் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கேட்கிறேன். ஆகவே எங்கள் வீட்டில் இணைப்பு ஆடம்பரம் அன்று. மின்சாரம் போன்றதொரு செலவு.

இதன் விலை கல்லில் பொறித்ததன்று என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வந்தபோது அதன் மிகக் குறைந்த மாதக் கட்டணம் 699 ரூபாய். 2020 ஆகஸ்டு இறுதியில் அது 399 ரூபாய்க்கு ஒரு திட்டம் அறிவித்தது. ஒரு வாரம் கழிந்தது. ஏர்டெல் தன் தொடக்கக் கட்டணத்தை 799 ரூபாயிலிருந்து 499 ரூபாய்க்கு இறக்கிற்று. அக்டோபரில் பி.எஸ்.என்.எல். 449 ரூபாய்த் திட்டத்தோடு வந்தது. ஒரே வாரத்தில் முந்நூறு ரூபாய் இறங்குகிறது என்றால், இழுத்தால் இறங்கக்கூடிய விலைதான் அது என்பது வெள்ளிடைமலை. இவற்றின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி. 499 என்று விளம்பரத்தில் படிப்பவர் கையிலிருந்து போவது ஏறத்தாழ 589.

ஏன் இறங்க முடிகிறது? இங்கே நம் பாடம் கைகொடுக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி முழு அக எதிரொளிப்பால் செல்கிறது என்று படித்திருக்கிறோம். தெருவுக்கு வரும் ஒற்றை இழையை ஒரு பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. அதில் மின்சாரம் ஓடுவதில்லை. ஒளியைப் பகுத்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. வீட்டை நோக்கி வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். வீட்டிலிருந்து திரும்பும் ஒளிக்கு 1310. ஆகவே ஒரே இழையில் இரண்டும் மோதாமல் போய்வருகின்றன. நம் நாட்டில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், வீடுகளை நோக்கி வரும் வேகம் மொத்தம் நொடிக்கு ஏறத்தாழ 2,488 மெகாபிட். அதை 64 வீடுகளும் ஒரே நொடியில் முழுதாக இழுத்தால் வீட்டுக்கு 39தான் கிடைக்கும். எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் நூறும் இருநூறும் விற்கிறார்கள். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. எல்லா வீட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை என்ற கணக்கில் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுவது போலத்தான்.

கவனிக்க வேண்டியது இதுதான். கம்பத்திலிருந்து வீடு வரை இழுத்த கம்பி, சுவரில் மாட்டிய பெட்டி, வந்து பொருத்தியவரின் கூலி ஆகியவை முதல் முறை மட்டும் ஆகும் செலவு. இரண்டாம் ஆண்டு நாம் தொடர்ந்தால் அச்செலவு மீண்டும் இல்லை. நாம் விலகினாலோ அந்த இடத்துக்கு இன்னொரு வீட்டைத் தேடி, விளம்பரம் செய்து, மறுபடி கம்பி இழுக்க வேண்டும். எனவே இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பது கம்பெனிக்கே மலிவு. நாம் கேட்பது தருமமன்று. ஆனால் நடைமுறை தலைகீழாக இருக்கிறது. புதிதாக வருபவருக்குச் சலுகை, பழையவருக்கு முழுக் கட்டணம். கேட்காத கடன் பாழ் என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

எங்கள் வீட்டில் முதல் ஆண்டு மாதம் 450 ரூபாய், வரி தனி. ஆண்டு முடிகிற நேரத்தில் இனி 600 என்று குறுஞ்செய்தி வந்தது. வரியோடு 708. என் தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். கிரிவலம் வருபவரிடம் ஐந்து ரூபாய்க்குக் கூட வாதாடுவார். ஆனால் இதற்கு, "ஏதாச்சும் கேட்டா லைன கட் பண்ணிடுவாங்க. குடுத்துட்டுப் போ" என்றார். எங்கள் குடும்பத்தில் எவரும் ஓர் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேசியதில்லை. கவுண்டருக்கு வெளியே நின்றே பழக்கம். அந்தப் பயத்துக்கு மாதம் நூற்றைம்பது ரூபாய் விலை என்று எனக்குத் தோன்றிற்று.

பேசப் போகுமுன் மூன்று செய்திகளைத் திரட்டினேன். முதலாவது, நாங்கள் உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது. கம்பெனியின் செயலியிலேயே அது இருக்கிறது. மாதம் 200 ஜிபியைத் தாண்டியதில்லை. பல திட்டங்களில் வரம்பு 3,300 ஜிபி. நாளைக்கு 110 ஜிபி வீதம் செலவழித்தால்தான் அது தீரும். தெளிவான பாட வீடியோ ஒன்றுக்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும். எங்களிடம் இருந்ததோ நூறு மெகாபிட் திட்டம். இரண்டாவது, எங்கள் கம்பம் வரை வேறு யாருடைய இழை வந்திருக்கிறது, அதன் விலை என்ன என்பது. ஊருக்குள் நான்கு கம்பெனி இருந்து பயனில்லை. நம் வாசல் கம்பத்தில் இருப்பதுதான் கணக்கு. மூன்றாவது, இணைப்பு முடியும் தேதி. முடிந்த மறுநாள் போனால் தங்கையின் பாடம் நிற்கும், அவசரம் நம்முடையதாகிவிடும். இருபது நாள் முன்னதாகப் போனால் அவசரம் அவர்களுடையது.

காலமும் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டவர் நிறைந்திருப்பர். யாரும் விலை குறைக்க மாட்டார்கள். கார்த்திகைத் தீபத்தின்போது கேபிள்காரரைக் கண்ணில் காண்பதே அரிது. சித்திரை வெயிலில் வாடகை வீடுகள் காலியாகி, பல இணைப்புகள் நின்றுபோகும். அப்போது ஒவ்வொரு வீடும் அவருக்கு முக்கியம். எங்கள் ஆண்டு முடிந்தது சித்திரையில். அது எங்கள் அதிர்ஷ்டம்.

உள்ளூரில் இணைப்பு கொடுக்கும் கேபிள்காரரிடம் போனேன்.

"அண்ணே, இருபத்தெட்டாம் தேதியோட எங்க பேக் முடியுது. அறுநூறுன்னு மெசேஜ் வந்திருக்கு."

"அது கம்பெனி ரேட்டு தம்பி. ஆஃபர் முடிஞ்சிடுச்சி. என் கையில ஒண்ணும் இல்ல."

"நூறு எம்பி எங்களுக்கு வேணாம்ணே, நாப்பது போதும். அதுக்கு என்ன?"

"அது ஐந்நூறு."

"எதிர் வீட்டுக்கு வேற லைன் நானூத்தம்பதுக்கு வந்திருக்குண்ணே. அந்த ஒயரு எங்க வாசல் கம்பத்துலயே தொங்குது. ஆனா கொரங்கு லைன அறுத்துட்டா நீங்க அன்னிக்கே வந்துடுறீங்க. அதனாலதான் மொதல்ல உங்களக் கேக்கறேன்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. யாருக்கோ போன் போட்டார். பின்பு, "நானூத்தம்பதே போட்டுத் தர்றேன். டேக்ஸ் தனி. வெளிய சொல்லாத தம்பி" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. பொய் எதுவும் சொல்லவுமில்லை. எதிர் வீட்டு விலை உண்மை. அவர் விரைந்து வருகிறார் என்பதும் உண்மை. இல்லாத சலுகையை இருப்பதாகச் சொல்வோர் உண்டு. "அப்படின்னா அங்கயே போய்க்கோ" என்று அவர் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

வரியோடு 531 ரூபாய். மாதம் 177 மிச்சம், ஆண்டுக்கு 2,124. என் தாய் பூக் கட்டி விற்பவர். எத்தனை முழம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"வெளியே சொல்லாதே" என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. ஒருவருக்கு ஒரு விலை, அடுத்தவருக்கு வேறு விலை என்பது முறையா? இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. செல்பேசிக் கம்பெனிகள், எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாற முனைவோரை மட்டும் அழைத்து, வெளியே அறிவிக்காத சலுகைகளைத் தந்து வந்தன. ஒரே வகை வாடிக்கையாளரிடையே பாகுபாடு கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராயின் விதி. ஆகவே அத்தகைய சலுகைகளையும் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் டிராய் ஆணையிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்தது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விவரங்களை டிராயிடம் தரும்படி கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது.

இங்கிலாந்தில் இதற்கு 'விசுவாசத்துக்கு அபராதம்' என்றே பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். இணையம், செல்பேசி, காப்பீடு உள்ளிட்ட ஐந்து துறைகளில் மாறாமல் இருந்துவிட்ட வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கு 410 கோடி பவுண்டு கூடுதலாகச் செலுத்துகிறார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் அமைப்பொன்று 2018இல் புகார் செய்தது. 2020 பிப்ரவரி முதல், ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாள் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்பி, தன்னிடமுள்ள சிறந்த விலைகளையும் கம்பெனி சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. என்னைக் கேட்டால், பேரம் பேசத் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கும் நியாயத்தைவிட இதுவே மேல். கேட்கக் கூசும் என் தந்தை போன்றோரின் பணத்தில்தான் கேட்பவர்களின் சலுகை ஓடுகிறது. எனவே கேபிள்காரர் சொன்னதை நான் மதிக்கவில்லை. எங்கள் தெருவில் ஆறு வீட்டாரிடம் சொன்னேன், இப்போது இங்கும் எழுதிவிட்டேன்.

ஆண்டுக் கட்டணம் பற்றியும் ஒரு சொல். பன்னிரண்டு மாதத்துக்கு முன்பணம் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். பதின்மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டு விழுக்காட்டுக்கும் குறைவான தள்ளுபடி அது. வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டுவோருக்கு நட்டம். இடையில் லைன் மோசமானால் விலகவும் வழியிராது. வீடு மாறும் எண்ணம் இல்லாதவர், கையில் பணமுள்ளவர் கட்டலாம். கட்டுமுன், சுவரில் உள்ள பெட்டி யாருடையது, முன்வைப்புத் தொகை திரும்ப வருமா என்று கேட்டு, ஜி.எஸ்.டி. எண் உள்ள இரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் பில் வந்தால் கேபிள்காரரிடம் சண்டையிட்டுப் பயனில்லை. கம்பெனியின் புகார் மையத்தை அழைக்க வேண்டும். அவர்கள் ஒரு டாக்கெட் எண் தருவார்கள். அதில் தீராவிட்டால், அதே கம்பெனிக்குள் உள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். இவ்வேற்பாடு 2012ஆம் ஆண்டு டிராய் விதிமுறைப்படி கட்டாயமானது, இதற்குக் கட்டணமும் இல்லை. டாக்கெட் எண்ணையும் தேதியையும் இரசீதின் பின்புறத்திலேயே குறித்து வைத்தால் தேடும் வேலை மிச்சம்.