சம்பள ஆளா, கமிஷன் ஆளா?



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மொத்தக் கடைகள் சிலவற்றில் ஒரு புதுப் பழக்கம் காண்கிறேன். பல வருஷமாகச் சம்பளத்திற்கு இருந்த லைன் விற்பனையாளரை, "இனிமேல் நீ கமிஷன் ஏஜெண்டு" என்று மாற்றி எழுதிக் கொள்கிறார்கள். ஆள் அதே ஆள்தான். காலை ஒன்பது மணிக்கு அதே கடைக்கு வருகிறார். நமது வேனில் நமது சரக்கை ஏற்றிக் கொண்டு, நாம் சொன்ன நாளில் ரெட்டியபட்டிக்கும் நரிக்குடிக்கும் போய் வருகிறார். நமது பில் புத்தகத்தில்தான் பில் போடுகிறார். மாறியது பேரேட்டின் தலைப்பு ஒன்றுதான். பி.எப். தொல்லை விட்டது என்று முதலாளிக்கு நிம்மதி. இந்த நிம்மதி எத்தனை நாளைக்கு என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

முதலில் அந்த ஆளின் கணக்கைப் பார்ப்போம். மாதம் 14,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,68,000. சம்பளம் என்றால் இதற்கு வருமான வரியும் இல்லை, பிடித்தமும் இல்லை. சம்பளக்காரருக்குப் புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு வேறு உண்டு. அதற்கு ரசீது காட்ட வேண்டியதில்லை.

அதே தொகையைக் கமிஷன் என்று எழுதினால், வருஷத்தில் 20,000 ரூபாயைத் தாண்டியவுடன் பிடித்தம் செய்தாக வேண்டும். இந்தப் பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. 1,68,000-க்கு 3,360 ரூபாய். வரியே கட்ட வேண்டாத மனிதரிடம் பிடித்த பணம் இது. அவர் ரிட்டன் தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும். அதற்கு ஆடிட்டரிடம் போக வேண்டும், அங்கே ஒரு கட்டணம். பான் கார்டு கொடுக்கவில்லை என்றால் பிடித்தம் 20 சதவீதம், அதாவது 33,600 ரூபாய். இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்! நிலைக்கழிவும் போய்விடும். பெட்ரோல், போன் செலவைக் கழிக்கலாம், ஆனால் கணக்கும் ரசீதும் வேண்டும். சிறு வியாபாரிகளாகிய நாம் விற்றுமுதலில் 8 சதவீதம் அல்லது 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோமே, அந்தச் சலுகை கமிஷன், தரகு வருமானத்துக்குக் கிடையாது. பலருக்கு இது தெரியவே தெரியாது.

இந்தப் பிடித்தக் கடமை எல்லாக் கடைக்காரருக்கும் இல்லை. தனிநபராகவோ கூட்டுக் குடும்பமாகவோ வியாபாரம் செய்பவருக்கு, முந்தைய வருஷ விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால்தான் உண்டு. பங்குதாரர் நிறுவனம் என்றால் இந்த வரம்பு பேச முடியாது. பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை நமது வருமானத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். 194-சி, 194-எச் என்று நாம் பழகிய எண்களெல்லாம் 1961-ஆம் வருஷச் சட்டத்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் 2025-ஆம் வருஷச் சட்டத்தில் இவை 393-ஆம் பிரிவுக்குள் அடக்கம். எண் மாறியதே என்று மிரள வேண்டாம்.

ஜி.எஸ்.டி.யிலும் வித்தியாசம் இருக்கிறது. ஊழியர் முதலாளிக்குச் செய்யும் வேலை அந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. கமிஷன் ஏஜெண்டு செய்வது சேவை. வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு தேவையில்லைதான். ஆனால் நமது சரக்கை அவர் தம் பெயரில் பில் போட்டு விற்றால் கதை வேறு. அப்போது தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். யார் பெயரில் பில் என்பதே இதற்கு உரைகல் என்று 2018 செப்டம்பரில் சுற்றறிக்கையே வந்திருக்கிறது.

சரி, ஒருவர் ஊழியரா ஏஜெண்டா என்று யார் தீர்மானிப்பது? நாமும் அவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதாது. ஹைதராபாத்தில் ஒரு பழைய வழக்கு. திவான் பகதூர் ராம்கோபால் மில்லுக்கு நிர்வாக ஏஜெண்டாக இருந்தது லட்சுமிநாராயண் ராம்கோபால் அண்டு சன் கம்பெனி. அதிக லாப வரி கேட்டார்கள். "நாங்கள் மில்லின் ஊழியர், வருவது சம்பளம், வியாபார லாபம் அல்ல" என்பது கம்பெனியின் வாதம். 1954-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. என்ன வேலை என்று மட்டும் சொல்ல உரிமை இருந்தால் அவர் ஏஜெண்டு. அதை எப்படிச் செய்வது என்பதையும் சொல்ல உரிமை இருந்தால் அவர் ஊழியர் என்று அந்தத் தீர்ப்பு வேறுபடுத்திக் காட்டியது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 1973-ல் தீர்ப்பான சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. அங்கே தையல்காரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வருகிற நேரம், போகிற நேரம் கட்டாயமில்லை. சிலர் துணியை வீட்டுக்கே கொண்டு போய்த் தைத்தார்கள். இருந்தும் அவர்கள் கடையின் ஊழியர்களே என்றது சுப்ரீம் கோர்ட். தையல் இயந்திரம் கடைக்காரருடையது. தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் தை என்று சொல்லும் உரிமையும் அவருடையது. இவ்வளவு சுதந்திரம் இருந்த தையல்காரரே ஊழியர் என்றால், ஒன்பது மணிக்கு வந்து நமது வேனை ஓட்டும் லைன் ஆளை என்ன சொல்வார்கள்?

ஒரே ஓர் அளவுகோல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் சொன்னது. லண்டனில் ஊபர் டாக்ஸி ஓட்டுநர்களைச் சுயதொழில்காரர் என்று கம்பெனி எழுதி வைத்திருந்ததையும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021-ல் ஒப்புக்கொள்ளவில்லை.

உண்மையான தனித் தொழில்காரர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் வத்தலும் மல்லியும் பார்த்து நாலு வியாபாரிகளுக்குப் பேசி முடிக்கும் தரகர் இருக்கிறார். வண்டி அவருடையது, நேரமும் அவருடையது, ஒரு வீட்டுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. விவசாய விளைபொருளுக்கான தரகுச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கும் உண்டு. மினி லாரிக்காரரும் அப்படியே. பத்து வண்டிக்கு மேல் இல்லாத சரக்கு வண்டிக்காரர் பான் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் வாடகையில் பிடித்தம் வேண்டாம். அந்தக் காகிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்தாதவர்கள்தான் அதிகம்.

சுமை தூக்குகிறவர்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. கூலி முழுவதையும் மேஸ்திரி கையில் கொடுத்தால், வருஷத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும்போது ஒரு சதவீதம் பிடிக்க வேண்டும். மாதம் 40,000 என்றால் 4,80,000-க்கு 4,800 ரூபாய். பத்துப் பேர் பங்கிட்டுக் கொண்ட கூலி முழுவதும் அந்த ஒரு மேஸ்திரியின் வரவாகப் பதிவாகும். வங்கியிலோ அரசு உதவியிலோ அவருக்குக் கேள்வி வரும். யாருக்கு எவ்வளவு என்று சிட்டையில் பெயர்வாரியாக எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

இனி அந்த நிம்மதிக்கு வருவோம். 20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனம் பி.எப்.புக்குள் வரும். ஆய்வாளர் வந்து இவர் ஊழியர்தான் என்று முடிவு செய்தால், முதலாளி பங்கு 12, தொழிலாளி பங்கு 12, ஆக 24 சதவீதம். 1,68,000-க்கு வருஷம் 40,320 ரூபாய். மூன்று வருஷ பாக்கி என்றால் ஓர் ஆளுக்கு மட்டும் 1,20,960. அப்போது பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கை இப்போது அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது, அதுவும் நம் கையிலிருந்துதான். வட்டியும் அபராதமும் நிர்வாகக் கட்டணமும் தனி. வேன் கவிழ்ந்து அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நஷ்டஈடு கேட்டு அவர் குடும்பம் வரும் இடமும் நம் கடைதான். கமிஷன் என்று எழுதிய தாளை அப்போது யாரும் படிக்க மாட்டார்கள்.

யாரையாவது கமிஷனுக்கு மாற்ற நினைத்தால் வேனை அவரே வைத்துக் கொள்ளட்டும், வேறு கடைச் சரக்கும் எடுக்கட்டும், போகிற ஊரையும் நாளையும் அவரே முடிவு செய்யட்டும். இது முடியாது என்றால் சம்பளப் பட்டியலிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே மாற்றி எழுதியவர்கள், மார்ச் கணக்கு முடிப்பதற்குள் ஆடிட்டரிடம் பேரேட்டை எடுத்துக் கொண்டு போங்கள். கையோடு அந்த ஆளையும் கூட்டிக் கொண்டு போவது நல்லது.