சாவி யார் கையில்?

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறிவரும் பாதையிலே பன்வில ஒரு சிறு கடைத்தெரு. அதற்கப்பால் தேயிலை; தேயிலைக்கும் அப்பால் நக்கிள்ஸ் மலைகளின் நீலம். சென்ற மாரியில் ஒரு மாலை, மழைக்கு ஒதுங்கி நின்ற தேநீர்க் கடையிலே என் பழைய மாணாக்கன் ஒருவனைக் கண்டேன். வளைகுடா நாடொன்றில் மூன்றாண்டு உழைத்து மீண்டவன்.

"சேர், எனக்கு ஒரு சந்தேகம்" என்று தொடங்கிக் கைத்தொலைபேசியை நீட்டினான். அவன் வாங்கிய கிரிப்டோ டோக்கன்கள் அதிலே தெரிந்தன. எண்ணிக்கை குறையவில்லை, விலையும் ஏறியிருந்தது. விற்க முயன்றால் மாத்திரம் ஒன்றும் நடப்பதில்லை.

"களவு போகவில்லை சேர். இருக்கிறது. ஆனால் அசையவில்லை."

வகுப்பிலே கணக்கிற் கெட்டிக்காரனாயிருந்தவன். அவனுக்கு விடை சொல்லத் தெரியாமல் வீடு சென்றேன். அதன்பின் சில வாரங்கள் இவ்விடயம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முதுமையிற் புதிதாக ஒன்றைக் கற்பது கண்ணுக்குத்தான் துன்பம், மனத்துக்கு அன்று.

அவன் வாங்கியது சொலானா என்னும் வலையமைப்பில் உருவான டோக்கன். அங்கே ஒரு டோக்கனை ஆக்குவோன் இரண்டு அதிகாரங்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். ஒன்று, மேலும் மேலும் அச்சிடும் அதிகாரம். மற்றையது, பிறர் கணக்கை முடக்கும் அதிகாரம். முடக்கப்பட்ட கணக்கில் இருப்பு அப்படியே இருக்கும். அதை அனுப்பவும் முடியாது, விற்கவும் முடியாது. அதிகாரம் உடையவன் மனமிரங்கினால் முடக்கத்தை நீக்கலாம். அவ்வதிகாரத்தை அவனே துறந்துவிடவும் கூடும். துறந்தானாயின், பின்னர் எவராலும், அவனாலுமே, அதை மீட்க முடியாது. இவையாவும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் எழுதப்பட்டிருக்கும். வாங்குமுன் பார்ப்பவர் எத்தனை பேர்?

எங்கள் தோட்டத்து மரணாதார சங்கத்தின் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. அதற்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி தலைவரிடம், மற்றது பொருளாளரிடம். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலத்திலும் பிணம் விழுந்தால் இருவரும் வந்தே தீரவேண்டும். சொலானாவிலும் இதற்கு வழியுண்டு என்று அறிந்தபோது வியந்தேன். முடக்கும் அதிகாரத்தைப் பதினொருவர் வரையுள்ள ஒரு குழுவிடம் ஒப்படைத்து, அவருள் இத்தனை பேர் ஒப்பமிட்டாலன்றிச் செல்லாது என்று விதிக்கலாம். எங்கள் பெட்டியைச் செய்த தச்சன் கணினியைக் கண்டவனல்லன்.

முடக்கம் நமக்குப் புதிதன்று. 1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என். எம். பெரேரா ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவித்தார். சில தினங்களுக்குள் அவற்றை வங்கியில் ஒப்படைக்கவேண்டியிருந்தது. அவ்வேளை நான் சிறுவன். தகப்பனார் அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்த நூறு ரூபாய்த் தாள் ஒன்றை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆயினும் அது யார் செய்த காரியம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. அமைச்சரைத் திட்டலாம்; அடுத்த தேர்தலில் எதிர்த்து வாக்களிக்கலாம்.

சட்டம் முடக்கும்போதும் அப்படியே. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடற் சட்டத்தின்கீழ், ஐயத்துக்குரிய கொடுக்கல் வாங்கலை நிறுத்திவைக்குமாறு நிதிப் புலனாய்வுப் பிரிவு பணிக்கலாம். ஆனால் ஏழு நாட்களுக்கு மேற்படாமல். அதன்மேல் நீடிப்பதாயின் மேல் நீதிமன்றத்தை நாடவேண்டும். அந்த ஏழு என்ற எண்ணிலேதான் குடிமகனின் மூச்சு இருக்கிறது என்பேன். அதிகாரத்துக்கு ஒரு தவணை. தவணை முடிந்தால் ஒரு நீதிபதி.

டொலருக்கு ஈடாக வெளியிடப்படும் டோக்கன்களிலும் முடக்கும் சாவி உண்டு. 2022 ஓகஸ்ட் 8ஆம் திகதி அமெரிக்கத் திறைசேரி டோர்னேடோ காஷ் என்னும் கலப்புச் சேவையைத் தடைசெய்தது. பணம் வந்த வழியை மறைப்பதே அச்சேவையின் தொழில். உடனே சேர்க்கிள் நிறுவனம் அதனோடு தொடர்புடைய முகவரிகளிலிருந்த ஏறத்தாழ 75,000 டொலர் பெறுமதியான டோக்கன்களை முடக்கியது. அத்தடை 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. டெதர் நிறுவனத்தின் நிரலோ, கறுப்புப் பட்டியலிட்ட முகவரியின் இருப்பை முற்றாக அழிக்கவும் இடமளிப்பது. திருடர் கொண்டுபோன பணத்தை இச்சாவியே வழியில் மறித்ததுமுண்டு. ஆதலின் சாவியே தீது என்று நான் சொல்லமாட்டேன். அந்நிறுவனங்களுக்குப் பெயருண்டு, முகவரியுண்டு, வழக்காடவும் இடமுண்டு.

மாணாக்கன் மீண்டும் வந்தபோது இருவருமாகப் பொதுப் பேரேட்டைத் திறந்தோம். முடக்கும் அதிகாரம் என்ற இடத்திலே நீண்ட எழுத்துக்கோவை ஒன்று நின்றது. அவன் வாங்கிய அன்றும் அது அங்கேதான் நின்றிருக்கிறது. ஆளின் பெயரில்லை, நாடில்லை. வாங்கியவுடன் கணக்கை முடக்கி, விற்கும் உரிமையைத் தன் கையில் மாத்திரம் வைத்துக்கொள்வது இத்துறையில் அறியப்பட்ட மோசடி வகையாம். விற்பவர் இல்லாத சந்தையில் விலை ஏறாமல் என்ன செய்யும்? இலங்கை மத்திய வங்கி 2018 முதல் இவ்வகை நாணயங்கள் பற்றிப் பொதுமக்களைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதை அப்போது அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாற்பதாண்டுகளாக இவ்வூருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். சேமலாப நிதிக்கு, பிறப்புச் சான்றுக்கு, லயத்துக் கூரைக்கு. பொலிஸுக்கு ஒரு முறைப்பாடு எழுதித் தருவதாகச் சொன்னேன். காகிதம் எடுத்தேன். பொலிஸ் நிலையத்தின் முகவரியை எழுதினேன். பிரதிவாதி என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

"அந்த எழுத்துக்களையே எழுதுங்கள் சேர்" என்றான்.

ஒவ்வொன்றாக அவன் வாசித்தான். பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று கேட்டுக் கேட்டு நான் எழுதினேன்.