உணவும் கலையும்: ஒரு தாய்லாந்துக் கலைஞரின் நெல்வயல்

ஓவியமும் சிற்பமும் கண்ணுக்கு விருந்து என்பர். 'விருந்து' என்னும் அச்சொல்லை உவமையாகக் கொள்ளாது, உள்ளபடியே எடுத்துக்கொண்ட கலைஞர் ஒருவர் உண்டு. தாய்லாந்தைச் சேர்ந்த ரிர்க்ரிட் திரவனிஜா என்பார் அவர். சமைத்தலும் பரிமாறலும் கலையாகுமா என்னும் வினாவை அவர்தம் படைப்புகள் எழுப்புகின்றன. அவ்வினாவிற்குத் தாய்லாந்துச் சிற்றூர் வாழ்வு தரும் விடையினை இக்கட்டுரையில் காண்போம்.

பேழைக்குள் பானை

தூதரக அலுவலர் ஒருவரின் மகனாக 1961-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் பிறந்த இவர், தாய்லாந்து, எத்தியோப்பியா, கனடா ஆகிய நாடுகளில் வளர்ந்தார். பாங்காக்கில் உணவகம் நடத்திய பாட்டியின் அடுக்களையே இவருடைய முதற்பள்ளி எனலாம். சிகாகோவில் கலை பயின்ற நாளில், அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளுள் தம் நாட்டுப் பாண்டங்கள் வைக்கப்பட்டிருக்கக் கண்டார். புழங்கும் கையினின்று பிரிக்கப்பட்ட பாண்டம் உயிரிழந்த பாண்டமன்றோ? அதனை மீண்டும் அடுப்பில் ஏற்றுவதைத் தம் கலையாக அவர் வரித்துக்கொண்டார்.

1990-இல் நியூயார்க் காட்சிக்கூடம் ஒன்றில் 'பட் தாய்' என்னும் நூடுல்ஸ் உணவைச் சமைத்து வந்தோர்க்கு அளித்தார். 1992-இல் அந்நகரின் '303' காட்சிக்கூடத்தில் அலுவலக அறையின் பொருள்களையெல்லாம் முன்கூடத்திற்கு மாற்றினார்; அலுவலகம் இருந்த இடத்தில் அடுப்பு எரிந்தது; சோறும் குழம்பும் விலையின்றி வழங்கப்பட்டன. சுவரில் படம் இல்லை. பீடத்தில் சிலை இல்லை. உண்போரின் உரையாடலும் கழுவாத பாத்திரங்களுமே அங்குக் காட்சிப்பொருள்கள்.

சிற்றூரின் இலக்கணம்

மேலைநாட்டார்க்குப் புதுமையாகத் தோன்றிய இச்செயல் தாய்லாந்துச் சிற்றூரார்க்கு அன்றாட வழக்கமாகும். அம்மொழியில் 'கின் காவ்' என்பதன் நேர்ப்பொருள் 'சோறு உண்ணல்'. எவ்வகை உணவை உண்டாலும் அதுவே வழக்கு. சோறு உண்டாயிற்றா என வினவுவதே அங்கு நலம் வினவுதல். வடபகுதி மக்கள் பசையரிசியை இரவில் ஊறவைத்து, கூம்பு வடிவ மூங்கிற்கூடையில் இட்டு ஆவியில் வேகவைப்பர். அதனைக் கையால் உருட்டி, நடுவிலுள்ள துவையலிலோ குழம்பிலோ தோய்த்து, குட்டையான வட்டப் பலகையைச் சூழ அமர்ந்து உண்பர். நடவுக்கும் அறுவடைக்கும் ஊரார் ஒருவர் வயலில் ஒருவர் கூலியின்றி உழைப்பர். வயலுக்கு உரியவர் அவர்க்கு உணவளிப்பார். 'லோங் கேக்' எனப்படும் இவ்வழக்கில் உழைப்பும் உணவும் உறவும் பிரிக்கவியலாதவை. இதனையே திரவனிஜா நகரக் காட்சிக்கூடத்திற்குக் கொண்டு சென்றார் என்பது நம் கருத்து.

நிலம்

1998-இல் அவரும் கமின் லெர்ட்சாய்பிரசெர்ட் என்னும் கலைஞரும் சியாங் மாய் நகரை அடுத்த சன்பதோங் பகுதியில் நெல்வயலொன்றைத் தேர்ந்து, அதற்கு 'நிலம்' என்றே பெயரிட்டனர். மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எட்டாத இடம் அது. பன்னாட்டுக் கலைஞர் பலர் அங்கு வந்து குடில்கள் அமைத்தனர். டென்மார்க்கின் 'சூப்பர்ஃப்ளெக்ஸ்' குழுவினர் சாண எரிவாயுக் கலனை அமைத்தனர். அதன் பயன் சமையலறை அடுப்பிற்கும் விளக்கிற்கும் ஆயிற்று. ஆயினும் நடுவே இருந்தவை வயல்களே. மாணவரும் ஊராரும் அவற்றைப் பேணினர். விளைந்த நெல் உழைத்தோர்க்கும், எய்ட்ஸ் நோயால் நலிந்த அவ்வூர்க் குடும்பங்களுக்கும் பகிரப்பட்டது. 1990-களில் தாய்லாந்தின் வடபகுதியை அந்நோய் கடுமையாகத் தாக்கியிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், அந்நெல்லின் மதிப்பு விளங்கும்.

ஒரு தடை

இங்கு ஒரு தடை எழும். காட்சிக்கூடத்தில் உண்டோர் பெரும்பாலும் கலை வணிகரும் திறனாய்வாளருமே. ஒத்த கருத்தினர் கூடி மகிழ்வதால் சமூகம் மாறுமோ என 2004-இல் கலை வரலாற்றறிஞர் கிளேர் பிஷப் வினவினார். இவ்வினா நேரியதே. பசித்தவரும் பசியாதவரும் உண்ணும் சோறு ஒன்றே எனினும் அதன் பொருள் ஒன்றன்று. மேலும், பேழையினின்று பானையை மீட்கப் புறப்பட்டவரின் 1992-ஆம் ஆண்டுப் படைப்பே பின்னர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. அங்கும் வந்தோர்க்குச் சோறு பரிமாறப்பட்டது என்பது ஓரளவு ஆறுதல்.

அத்தடைக்கு முழு விடை தருவது அருங்காட்சியகமன்று, சன்பதோங் வயலே. காட்சிக்கூடத்தில் கலைஞர் கொடுப்பவர், வந்தவர் பெறுபவர். வயலிலோ கலைஞரும் மழையை எதிர்நோக்கினார், உழவரிடம் கற்றார், விளைந்ததில் தமக்குரிய பங்கையே பெற்றார். படைத்தல் என்னும் தமிழ்ச்சொல் ஆக்குதலையும் குறிக்கும். உணவு பரிமாறுதலையும் குறிக்கும். அவ்விரு பொருளும் ஒன்றாகும் இடத்தில், யாருக்குப் படைக்கிறோம் என்னும் வினாவே கலையின் தரத்தை அளக்கும் கோல் எனலாம்.