உமா ஓயா: இலாபம் நமக்கு, நட்டம் யாருக்கு?

மொனராகலையில் கடை நடத்தும் எனக்கு உமா ஓயா நல்ல செய்திதான். வெல்லவாயப் பக்க வயல்களுக்குத் தண்ணீர் வந்தால் விவசாயியின் கையில் காசு புழங்கும்; எனது கடன் கொப்பியும் மெலியும். 120 மெகாவாட் மின்சாரம் வேறு.

ஆனால் விலை கொடுத்தது பண்டாரவளை. மலையைக் குடைந்த சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஈரானின் கடனும் பொருளாதாரத் தடையால் இடைநின்றது. மீதியைச் சுமந்தது நமது திறைசேரி. 2008இல் அடிக்கல், 2024 ஏப்ரலில்தான் திறப்பு.

உடைந்தால் யார் பொறுப்பு என்று பேசாமல் நாம் லொறியில் சரக்கு ஏற்றுவோமா? அணைக்கும் அதே கணக்குத்தான். நட்டஈட்டை முதலில் எழுதவேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகு.