சேற்றில் ஊன்றிய கூடாரங்கள்

1929 ஜூலை 31 அன்று, இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள ஆரோ பார்க்கில் மூன்றாவது உலகச் சாரணர் ஜம்போரி தொடங்கியது. சாரண இயக்கத்துக்கு 21 வயது நிறைந்ததைக் கொண்டாடிய கூட்டம் அது. சுமார் 50,000 பேர் திரண்டிருந்தார்கள். மழையும் திரண்டு வந்தது. பல்லாயிரம் கால்கள் மிதித்ததில் பச்சைப் புல்வெளி சகதிக்காடாக மாறியது. அரைக்கால் சட்டை அணிந்த பையன்கள் அந்தச் சேற்றில்தான் சமைத்தார்கள், அணிவகுத்தார்கள், ஊர் பேர் தெரியாத நண்பர்களைத் தேடிக்கொண்டார்கள். இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவலுக்குப் பிரபு பட்டம் அறிவிக்கப்பட்டது அங்கேதான். அவருக்குச் சாரணர்கள் ரோல்ஸ் ராய்ஸ் கார் பரிசளித்ததும் அங்கேதான். இருந்தும் ஆரோ பார்க் என்றதும் சாரண வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருவது சேறு.

அந்த நிகழ்வு நடந்து நூறு ஆண்டை நெருங்கியும் மழைக்கும் ஜம்போரிக்குமான வழக்கு தீரவில்லை. அதைப் புரிந்துகொள்ள, ஜம்போரி எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உலக ஜம்போரி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாட்கள் நடக்கிறது. பங்கேற்பவர்கள் 14 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள். 36 பிள்ளைகளுக்கு நான்கு பெரியவர்கள் என்ற கணக்கில் ஒரு குழு. ஒரு குழுவுக்குள் ஒன்பது ஒன்பது பேராக நான்கு அணிகள். இப்படிப் பல குழுக்கள் சேர்ந்தால் ஒரு துணை முகாம். 18 வயதைத் தாண்டியவர்கள் பன்னாட்டுத் தொண்டர் படையாக வந்து, சொந்தச் செலவில் குப்பை அள்ளுவதிலிருந்து மருத்துவ உதவி வரை எல்லா வேலைகளையும் பார்க்கிறார்கள். முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் வாழும் ஒரு நகரம் வெட்டவெளியில் சில நாட்களில் எழுகிறது. அதற்குச் சுவர் இல்லை, ஓட்டுக்கூரை இல்லை. சாப்பாட்டு மேசையும் பாத்திரம் வைக்கும் பரணும் நுழைவாயில் வளைவும் பெரும்பாலும் கம்புகளைக் கயிற்றால் பிணைத்துப் பிள்ளைகளே கட்டியவை.

அந்த நகரத்தின் மேல் மழை கொட்டினால் என்ன ஆகும்?

முதல் சோதனை கூடாரத்துக்கு. மைதானத்தில் எந்த இடம் மெத்தென்று, பசேலென்று இருக்கிறதோ, புதிதாக வருபவர்கள் அங்கேதான் கூடாரம் அடிக்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது தாழ்வான இடம். புல் செழித்திருப்பதே தண்ணீர் தங்குவதால்தான். பழகிய அணித்தலைவர் நிலத்தின் சரிவைப் பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தீர்மானித்த பிறகுதான் முளையை அடிப்பார். முன்பெல்லாம் கூடாரத்தைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டுவது சாரணப் பயிற்சியில் பாடமாகவே இருந்தது. இப்போது பல முகாம்களில் அதற்கு அனுமதி இல்லை. ஒரு வாரத்துக்காக வெட்டிய வாய்க்கால் மண் அரிப்புக்கு வழி திறந்துவிடுகிறது, புல்தரை ஆறப் பல மாதங்கள் ஆகின்றன. அதனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

கயிற்றுக்கும் தனி அறிவு வேண்டும். பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் சுருங்கும். தளர்த்தாமல் தூங்கிவிட்டால் நள்ளிரவில் முளை பிடுங்கிக்கொள்ளும், அல்லது துணி கிழியும். நைலான் இதற்கு நேர்மாறு. அது ஈரத்தில் நீளும், கூடாரம் தொய்யும், தொய்ந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், ஆகவே இறுக்கிக் கட்ட வேண்டும். பழைய கேன்வாஸ் கூடாரத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. நனைந்த துணியை உள்ளிருந்து விரலால் தொடக்கூடாது. நனையும்போது பருத்தி இழைகள் உப்பி, இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால்தான் கேன்வாஸ் ஒழுகுவதில்லை. தொட்ட இடத்தில் அந்த அமைப்பு குலைந்து நீர் உள்ளே கசியத் தொடங்கும். கூடாரம் ஒழுகுகிறது என்று பிள்ளைகள் புகார் சொல்லும் காலைகளில், ஓட்டை இல்லாமலேகூட அது நடந்திருக்கும். இரவு முழுக்க நான்கைந்து பேர் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து சொட்டுவதும் உண்டு.

அடுத்தது கால். மழை முகாமில் மருத்துவக் கூடாரத்துக்கு வருபவர்களில் பலருக்குக் காய்ச்சலைவிடக் காலில்தான் தொல்லை. ஈரச் சாக்ஸோடு நாள் முழுக்க நடந்தால் தோல் வெளுத்து, ஊறி, உரிகிறது. குளிரும் சேர்ந்தால் உணர்ச்சியே மரத்துப்போகும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான வீரர்களை முடக்கியது இதே பாதநோய்தான். இதற்கு மருந்து எளிமையானது. எவ்வளவு நனைந்தாலும் இரவுக்கென்று ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, அதைப் பகலில் தொடவே கூடாது. உறங்கும் நேரத்திலாவது கால் காய வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை வீட்டிலேயே பிள்ளைக்குச் சொல்லி அனுப்பும் பெற்றோர் நல்ல காரியம் செய்கிறார்கள்.

நனைந்த உடை உடம்பைக் குளிர வைக்கும் வேகத்தைப் பலரும் குறைவாகவே எடைபோடுகிறார்கள். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஐரோப்பியக் கோடையில்கூட, காற்றடிக்கும் மழை நாளில், பருத்திச் சட்டையோடு நின்றால் உடல் வெப்பம் இறங்கும். நடுக்கம், பேச்சுக் குழறல், காரணமில்லாத எரிச்சல், கயிற்றில் முடிச்சுப் போட விரல்கள் ஒத்துழைக்காமை ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்ல, பக்கத்தில் நிற்கும் பதினைந்து வயது அணித்தலைவர்தான். பேடன் பவல் 1907இல் பிரௌன்ஸீ தீவில் 20 பையன்களை வைத்து நடத்திய சோதனை முகாமிலேயே அவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனைத் தலைவனாக்கினார். அந்த ஏற்பாட்டின் அருமை வெயில் நாளில் தெரியாது. மழை நாளில், யார் சாப்பிடவில்லை, யார் பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறான் என்று ஒன்பது பேர் கொண்ட வட்டத்துக்குள் உடனே தெரிந்துவிடுகிறது.

சமையல் நின்றுபோகாது, ஆனால் இழுக்கும். அணிகளுக்குப் பச்சைக் காய்கறி, அரிசி, ரொட்டி, முட்டை என்று பொருட்களாகக் கொடுத்துப் பிள்ளைகளையே சமைக்க வைப்பது பல ஜம்போரிகளின் வழக்கம். விறகில் சமைக்கும் முகாம் என்றால் நமுத்த தீப்பெட்டியோடும் ஈர விறகோடும் மல்லுக்கட்ட வேண்டும். வெளியே நனைந்த கட்டைக்குள்ளும் வைரம் உலர்ந்திருக்கும் என்று தெரிந்தவர்கள் அதைப் பிளந்து, சிராய் சீவி, சிறு தீயாக மூட்டுவார்கள். பெரிய ஜம்போரிகளில் இன்று பெரும்பாலும் கேஸ் அடுப்பு. அது வேறொரு ஆபத்தைக் கொண்டுவருகிறது. மழைக்கு ஒதுங்கி அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துப்போகத் தோன்றும். தீப்பிடிப்பது ஒரு பக்கம், மூடிய கூடாரத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். சமையலுக்கென்று நாலு பக்கமும் திறந்த தார்ப்பாய்ப் பந்தலை உயர்த்திக் கட்டுவது அதனால்தான்.

அந்தத் தார்ப்பாய்தான் பிறகு ஊர்ச் சாவடியாகிவிடுகிறது. கயிறு ஏறும் விளையாட்டும் நீர் விளையாட்டும் ரத்தான பிற்பகலில் பிரேசில் பிள்ளைகளும் போலந்துப் பிள்ளைகளும் ஒரே பந்தலுக்கடியில் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். சட்டையில் தைக்கும் பேட்ஜுகளையும் கழுத்து ஸ்கார்ஃபுகளையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது ஜம்போரியின் நீண்டகால வழக்கம். அதற்கு மழை நாளைவிட நல்ல நாள் கிடைக்காது. வெயிலடித்தால் ஆளுக்கொரு திசையில் ஓடிவிடுகிறவர்கள் அன்று ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆரோ பார்க்கிலிருந்து திரும்பியவர்கள் சேற்றை இத்தனை பாசத்தோடு நினைவுகூர்ந்ததற்கு இதுவும் காரணமாக இருக்க வேண்டும்.

இடி வேறு விஷயம். இடி முழங்கியதும் கூடாரத்துக்குள் போவது பாதுகாப்பு ஆகாது. துணிக்கூடாரம் மின்னலிலிருந்து எந்தக் காப்பும் தராது. உறுதியான கட்டடமோ, மூடிய பேருந்தோ வேண்டும். கடைசி இடி கேட்ட பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும் என்பது பொது விதி. மரத்தடியும் அடைக்கலம் அல்ல. 2017 ஆகஸ்டில் போலந்தின் சூசெக் கிராமத்தருகே காட்டுக்குள் நடந்த சாரணர் முகாமைப் புயல் நள்ளிரவில் தாக்கியபோது, சாய்ந்த மரங்களால் இரண்டு சாரணியர் உயிரிழந்தார்கள்.

இங்கேதான் பிள்ளைகளின் பொறுப்பு முடிந்து பெரியவர்களின் பொறுப்பு தொடங்குகிறது. உலர்ந்த சாக்ஸைப் பத்திரப்படுத்த ஒரு சிறுமியால் முடியும். மைதானத்தின் வடிகாலை அமைக்க அவளால் முடியாது. நாற்பதாயிரம் பேரை எந்தக் கட்டடத்தில் தங்க வைப்பது என்று அவளால் தீர்மானிக்கவும் முடியாது.

1971இல் ஜப்பானின் ஃபுஜி மலையடிவாரத்தில், அசகிரி மேட்டுநிலத்தில் 13ஆவது ஜம்போரி நடந்தது. 23,000க்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். முன்னாள் சாரணரும் நிலவில் முதலில் கால்வைத்தவருமான நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் வந்திருந்தார். நிகழ்ச்சிக்கு நடுவே சூறாவளி வீசியதில் பல ஆயிரம் சாரணர்களைக் கூடாரங்களிலிருந்து அப்புறப்படுத்தி வேறு இடங்களில் தங்க வைக்க வேண்டியதாயிற்று. காற்று தணிந்ததும் திரும்பி வந்து முகாமைத் தொடர்ந்தார்கள்.

2023இல் தென்கொரியாவின் சேமங்கும் முகாமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவரை எழுப்பிக் கடலிலிருந்து மீட்ட நிலம் அது. மேசைப் பலகை போன்ற சமதளம், சரிவு இல்லை, நிழலுக்கு மரமும் இல்லை. ஜாங்மா என்று கொரியர்கள் அழைக்கும் கோடை மழை ஜூலையில் கொட்டித் தீர்த்தது. வடிய வழியில்லாமல் தண்ணீர் குட்டைகளாக நின்றது. குட்டைகளின் மேல் பிளாஸ்டிக் பலகைகளைப் பரப்பி, அவற்றின் மேல் கூடாரம் அடிக்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் 1 அன்று முகாம் தொடங்கியதும் வெப்ப அலை. தேங்கிய நீரிலிருந்து கிளம்பிய புழுக்கத்திலும் பூச்சிக்கடியிலும் பிள்ளைகள் வதைபட்டார்கள். வெப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் சுருண்டு விழுந்தார்கள். ஏறத்தாழ 4,500 பேர் கொண்ட பிரிட்டன் குழு முகாமைவிட்டு வெளியேறியது. அமெரிக்காவும் சிங்கப்பூரும் பின்தொடர்ந்தன. கனூன் சூறாவளி நெருங்கவே, ஆகஸ்ட் 8 அன்று மிச்சமிருந்த சுமார் 36,000 பேரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் ஏற்றப்பட்டுப் பல்கலைக்கழக விடுதிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். முகாம் திரும்பக் கூடவில்லை. நிறைவு விழா சியோல் கால்பந்து அரங்கத்தில் நடந்தது.

இதை இயற்கையின் தலையில் கட்டிவிட முடியாது. சேமங்கும் தேர்வானது 2017இல். ஆறு ஆண்டு அவகாசம் இருந்தது. கொரியாவில் ஜூலை மழை மாதம் என்பதும், ஆகஸ்ட் வெயிலும் சூறாவளியும் சேரும் மாதம் என்பதும் அந்த ஊர் உழவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2022இல் நடக்கவிருந்த ஒத்திகை முகாமும் கொரோனாவைக் காரணம் காட்டிக் கைவிடப்பட்டது. நடந்திருந்தால், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதைச் சில ஆயிரம் பேரை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் மாதம் மாற்ற முடியாத விதியும் அல்ல. ஐரோப்பிய, அமெரிக்கப் பள்ளி விடுமுறையை ஒட்டி அமைந்த வழக்கம் அது. தாய்லாந்தின் சத்தஹிப்பில் 20ஆவது ஜம்போரி 2002 டிசம்பர் இறுதியில் தொடங்கி 2003 ஜனவரியில் முடிந்தது. அங்கே அது மழை ஓய்ந்த காலம். ஆஸ்திரேலியாவும் சிலியும்கூட டிசம்பர், ஜனவரியில் நடத்தியிருக்கின்றன. தமிழ்நாட்டில் மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழா ஜம்போரி 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நடந்ததும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான். தேதியைத் தீர்மானிக்கும்போதே மழையிலிருந்து பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதி மண்ணைப் பொறுத்தது.

அடுத்த உலக ஜம்போரி 2027 ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 8 வரை போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடக்கவிருக்கிறது. 2023 ஜம்போரிக்கான போட்டியில் சேமங்குமிடம் தோற்ற நகரம் அதுதான். விஸ்துலா ஆறு பால்டிக் கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஒரு தீவில் கூடாரங்கள் எழும். 2001 ஜூலையில் ஒரே பெருமழையில் வெள்ளம் புகுந்த நகரம் அது. பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் விமானக் கட்டணத்தையும் விசாவையும் பற்றி விசாரிக்கும்போதே, மழை கொட்டினால் பிள்ளைகளை எந்தக் கட்டடத்துக்கு, எவ்வளவு நேரத்தில், யார் பொறுப்பில் கூட்டிப்போவார்கள் என்பதையும் அமைப்பாளர்களிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.