பாடும் பங்கும்: பழவேற்காட்டுத் தலைக்கட்டு முறையிற் பெண்டிர் நிலை

ஆடவரே கூடி, ஆடவரையே உறுப்பினராகக் கொண்டு, தமக்கென விதிகள் வகுத்து நடக்கும் கூட்டங்கள் உலகிற் பலவிடத்தும் உண்டு. அவற்றுட் பெண்டிர்க்கு இடம் உண்டா என்னும் வினா நெடுங்காலமாக எழுந்துவருகின்றது. அதனைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வழங்கும் ‘பாடு’ என்னும் மீன்பிடி முறையோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவள்ளூர் மாவட்டத்து எளாவூர்ப் பக்கத்திலிருந்து கிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரியின் உவர்நீர்ப் பரப்பைக் காணலாம். இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவிற்கு அடுத்துப் பெரியது இதுவே. ஏரி கடலொடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த இடங்களில் இறால் மிகுதி. அத்தகைய இடங்களோ சில, வலைஞரோ பலர். எனவே எவர் எந்நாளில் எவ்விடத்து வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் வரையறுத்தனர். இதுவே பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் இவ்வுரிமையை வழிவழியாகக் கொண்டவர்.

‘பாடு’ என்னும் சொற்கு இடம், முறைமை, உழைப்பு, வருத்தம் எனப் பல பொருள் உண்டு. இவற்றுள் இடமும் முறைமையும் ஆடவர்க்கு உரியவாயின. உழைப்பும் வருத்தமும் இருபாலார்க்கும் பொதுவாயின.

பங்கு பெறுவோன் ‘தலைக்கட்டு’ எனப்படுவான். சோழமண்டலக் கரைக் குப்பங்களிற் பொதுவாக, மணஞ்செய்து தனிக்குடியான ஆடவனே தலைக்கட்டாக எண்ணப்படுவான். அவனே ஊர்வரி செலுத்துவான். ஊர்க் கூட்டத்தில் அமர்வான். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. மணமாகாத இளைஞன் எத்துணை வலிமையுடையனாயினும் தலைக்கட்டு ஆகான். அவனை அந்நிலைக்கு உயர்த்துவது இல்லத்திற்கு வந்த மனைவியே. ஆகவே எண்ணப்படுவது ஆடவன் உடல் அன்று. குடியே என்பது போதரும். குடியை ஆக்குபவள் பெண்ணாகவும், குடியின் பெயரால் அமைந்த கூட்டத்தில் அவளுக்கு இடமில்லாமை முரணன்றோ?

‘பெண் வலையிடுவதில்லை, ஆதலின் பங்கில்லை’ என்பர் சிலர். இது பொருந்துமா? பிடித்த மீன் விலையாகும்போதே பொருளாகின்றது. கூடை சுமந்து விற்பவள் பெரும்பாலும் பெண்ணே. சங்க நெய்தற் பாடல்களிலும் மீனுணங்கலைப் புள்ளினின்று காக்கும் பரதவர் மகளையும், உப்பு விலை கூறும் உமணர் மகளையும் காண்கின்றோம். மேலும், இவ்வேரியிலேயே இருளர் மகளிர் நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கின்றனர். எனவே நீரில் இறங்குதல் பெண்ணுக்கு இயலாதது என்பதும் நில்லாது.

பிற நாடுகளில் இவ்வினா இரு வழிகளில் தீர்ந்தது. ஒன்று, புதுக் கூட்டம் அமைத்தல். ஆடவர்க்கே உரியதாயிருந்த பிரீமேசன் மரபினின்று விலகி, இருபாலாரையும் ஏற்கும் அமைப்பொன்று 1893-இல் பாரிசில் தோன்றியது. அன்னி பெசன்ட் அம்மையார் 1902-இல் அதிற் சேர்ந்து இந்தியாவிற்கும் கொணர்ந்தார். மற்றொன்று, சட்டத்தின் வழி. ரோட்டரி சங்கங்கள் மகளிரை விலக்கலாகாது என்ற கலிபோர்னியச் சட்டம் செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது. 1989-இல் அச்சங்கம் தன் விதியையே மாற்றியது. உறுப்புரிமையால் தொழில் தொடர்பும் தலைமைப் பயிற்சியும் கிட்டுவதால் அது வெறும் நட்புக் கூட்டம் ஆகாது என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. தொழில் தொடர்புக்கே இந்நிலை எனின், அன்றாட உணவே தங்கியுள்ள பாட்டிற்குக் கூறவும் வேண்டுமோ?

இவ்விரு வழிகளும் நம் கரையிலும் உள. மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் முதல் வழியின. எனினும் அவை மீன்பிடி இடத்தைப் பங்கிடும் உரிமை உடையன அல்ல. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. தமிழ்நாடு 2016-இல் அதனைப் பாதியாக உயர்த்தியது. ஆயினும் சட்டம் ஆளும் ஊராட்சி வேறு. வழக்கம் ஆளும் ஊர்ப் பஞ்சாயத்து வேறு. முன்னதில் தலைவியாகும் பெண்ணும் பின்னதில் வாய் திறக்க இயலாதிருத்தல் கூடும்.

பாட்டினர் கூறும் தடைகளுள் வலியது ஒன்றுண்டு. உறுப்பினர் பெருகின் முறைநாள் குறையும் என்பதே அது. அவ்வச்சம் பொய்யன்று. ஆயின் கணவனை இழந்தவளைத் தலைக்கட்டாக ஏற்பதால் ஒரு பங்கேனும் கூடுவதில்லை. முன்னிருந்த குடியின் பங்கே தொடர்கின்றது. அவளை நீக்கினாலோ, குடி நிற்கவும் பங்கு அழிகின்றது. ஆகவே கைம்பெண்ணின் பங்கே இம்முறையின் உரைகல் எனலாம். தலைக்கட்டு என்பது குடியைக் குறிப்பின், அதன் பொருளைத் திரிக்காமலே பெண்ணுக்கு வழி திறக்கலாம். அவ்வாறு திறப்பது மரபை மீறுதல் அன்று. மரபின் சொல்லை அதன் உண்மைப் பொருளிற் கொள்ளுதலே ஆம்.