ஏரிக்கரைப் பயணம் – 9: கவுல் வாங்கிய ஊர்

சென்னையிலிருந்து தெற்கே வரும் பாசஞ்சர் ரயில் அச்சிறுபாக்கம், தொழுப்பேடு தாண்டி ஒலக்கூரில் நிற்கும். விரைவு ரயில்கள் நிற்பதில்லை. செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் பறக்கிற கார்களும் அப்படித்தான். இங்கே ஒருவரை இறங்க வைப்பது எப்படி என்ற கேள்வியோடு போன வாரம் முடித்தோம். இந்த வாரம் கழுவெளிச் சதுப்பு நிலம் என்று சொல்லியிருந்தோம். வழியில் வேடந்தாங்கல் பிடித்துக்கொண்டது.

ஒலக்கூருக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கம் இருக்கிறது வேடந்தாங்கல். தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடன் தாங்கல்தான் வேடந்தாங்கல் ஆனது என்பார்கள். வேட்டைக்குப் பேர்போன அந்த ஏரியில், வேட்டை கூடாது என்று முதலில் எழுதி வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்களே.

1790-களில் நடந்தது இது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் நேரே கலெக்டரிடம் போய் நின்றார்கள். செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊருக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் ஆட்சி தருகிற உறுதிப் பத்திரம். நிலத்துக்கும் வரிக்கும் கொடுப்பது வழக்கம். நாரைக்கும் கொக்குக்கும் கவுல் கேட்டு வாங்கியிருக்கிறது ஒரு சின்ன ஊர்! அமெரிக்காவில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனது 1872-இல். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இங்கே காரியம் முடிந்துவிட்டது.

இதே பிளேஸ்தான் மதுராந்தகத்துக் கதையிலும் வருகிறார். உடையவிருந்த ஏரிக்கரையில், கொட்டும் மழை இரவில், வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் காவல் நின்றதை அவர் கண்டார் என்பார்கள். அந்த ஊர்க் கோயிலின் ராமருக்கு ஏரி காத்த ராமர் என்ற பெயர் அப்படி வந்தது. தாயார் சன்னதித் திருப்பணி அவர் செய்துகொடுத்தது என்று கோயிலில் கல்வெட்டே இருக்கிறது.

கவுலுக்கு வருவோம். ஊரார் அதைக் கேட்டதற்குக் காரணம் நெல். நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக ஆயக்கட்டுக்குப் பாய்கிறது. செலவில்லாத உரம். அலகு மூடினாலும் நடுவே இடைவெளி விடுகிற நத்தைகுத்தி நாரை, வயல் நத்தைகளையும் தின்று தீர்க்கிறது. பறவை போனால் விளைச்சல் குறையும் என்பதை அறிவியல் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. பறவைகள் மிரளக்கூடாதென்று ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததே.

சுற்றுலா இதற்கெல்லாம் பிறகு வந்தது. விருந்தாளிக்காக எதையும் ஜோடிக்காமல் ஊர் தன் பிழைப்புக்காக ஒன்றைக் காத்தது; அதைப் பார்க்க உலகம் வந்தது. சுமார் 30 ஹெக்டேர் ஏரி, 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறியது. மழை பொய்க்கிற ஆண்டில் பறவை வராது, பயணியும் வரமாட்டார். ஆனாலும் நிலம் இருக்கிறது என்பதால் ஊர் தாங்கும். சுற்றுலாவை மட்டும் நம்பிய ஊருக்கு அந்தப் பிடி கிடையாது.

குறை ஒன்றும் உண்டு. காலையில் காரில் வந்து, பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறி, பைனாகுலரில் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்புகிறவர்களால் ஊருக்கு என்ன மிஞ்சும்? கேரளத்தின் குமரகத்தில் 2008-இல் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கியபோது, ஹோட்டல்களுக்கான காய்கறியைக் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்களிடம் வாங்க ஏற்பாடு செய்தார்கள். விருந்தாளியின் இலையில் விழுவது அந்த ஊரின் விளைச்சலாக இருந்தது. வேடந்தாங்கலிலும் எச்சத் தண்ணீரில் விளைந்த அரிசிச் சோற்றை ஏரிக்கரையிலேயே பரிமாறினால், பார்க்க வருகிறவர் சாப்பிட உட்காருவார். சாயங்காலம் கூட்டுக்குத் திரும்பும் பறவைகளையும் பார்ப்பார். அதுதான் அங்கே பார்க்கவேண்டிய காட்சியும்கூட.

ஒலக்கூர் வட்டாரத்திலும் ஏரிகளுக்குக் குறைவில்லை. ஊரார் காக்க நினைக்கிற ஏரி எது என்பதிலிருந்து தொடங்கலாம். பெயர்ப்பலகையும் செல்ஃபி மேடையும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கழுவெளி அடுத்த வாரம். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சர் தளமான 5,151 ஹெக்டேர் சதுப்பு நிலம் அது. வேடந்தாங்கலைப் போல ஓர் ஊர், ஓர் ஏரி, ஒரு கவுல் என்று அங்கே பேச முடியாது. எத்தனையோ கிராமங்கள், மீன்பிடிப்பவர்கள், மாடு மேய்ப்பவர்கள். இவர்களில் யார் யாரிடம் கவுல் கேட்பது? திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சாலையில் போய்ப் பார்ப்போம்.